உள்ளே இரண்டு இஞ்ச்

ஜூனில் பள்ளிக்கூடம் திறக்கிறது என்றால் மே முதல் வாரத்திலேயே கடைக்குள் காக்கித் துணி வந்து குவிந்துவிடும். எண்பதுகளில் எங்கள் கோவில்பட்டிப் பக்கம் அரசுப் பள்ளிகளில் பையன்களுக்கு வெள்ளைச் சட்டை, காக்கி டவுசர். பெரிய வகுப்புக்குப் போனால் காக்கி பேண்ட். பெண்பிள்ளைகளுக்கு நீலப் பாவாடை, வெள்ளைச் சட்டை. பெரிய பிள்ளைகளுக்கு மேலே தாவணி. அந்த ஒன்றரை மாதம் டெய்லர் கடையில் உட்கார்ந்திருப்பவனுக்கு, எந்தப் பிள்ளை எவ்வளவு வளர்ந்திருக்கிறது, எந்த வீட்டில் பணம் புரள்கிறது, எந்த வீட்டில் புரளவில்லை என்பதெல்லாம் யாரும் சொல்லாமலே தெரிந்துவிடும். எட்டயபுரம் ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தில் அப்படி ஒரு கடையில்தான் நான் காஜாப் பையனாக உட்கார்ந்தேன். 1983. எட்டாம் வகுப்பு முடிந்து ஒன்பதாவது போகிற லீவு.

பையன்கள் வளர்வதற்கு ஒரு வரிசை இருக்கிறது. முதலில் கால் நீளும், பிறகு கை. தோளும் மார்பும் விரிவது அதற்கெல்லாம் பிறகுதான். போன வருஷத்து முழுக்கைச் சட்டை தோளில் கச்சிதமாக நிற்கும். கஃப் மட்டும் மணிக்கட்டுக்கு மேலே ஏறியிருக்கும். இந்த வயசுப் பையனை அளவெடுக்க அப்பா கூட்டிக்கொண்டு வந்தால் முதல் வார்த்தை, "நல்லா லூசா தைங்க மாஸ்டர், வளர்ற பய" என்பதாகத்தான் இருக்கும். பையன் ஒன்றும் பேசமாட்டான். சாயங்காலம் தனியாக சைக்கிளில் வந்து, கடைக்குள் ஏறாமல் ஒரு காலைப் படியில் ஊன்றிக்கொண்டு, "மாஸ்டர், கொஞ்சம் டைட்டா" என்பான்.

மாஸ்டர் இரண்டு பேரிடமும் சரி என்றுதான் சொல்வார். பையன் கேட்ட அளவுக்கே வெட்டித் தைப்பார். ஆனால் சீட் தையலில் ஒன்றரை இஞ்ச் உள்துணி விடுவார். கால் மடிப்பில் இரண்டு, இரண்டரை இஞ்ச். "அப்பனுக்கு உள்ள, பிள்ளைக்கு வெளிய" என்பார். அடுத்த வருஷம் பிரித்துவிட்டால் பேண்ட் மறுபடியும் பொருந்தும். பழைய மடிப்பு இருந்த இடத்தில் வெளுத்த கோடு ஒன்று மட்டும் போகாது. காக்கி பேண்டின் காலில் எத்தனை கோடு இருக்கிறது என்று பார்த்தால் அது எத்தனை வருஷத்துப் பேண்ட் என்று சொல்லிவிடலாம். மூன்று கோடு போட்ட பேண்டை நானும் போட்டிருக்கிறேன்.

டவுசரிலிருந்து பேண்டுக்கு மாறுவது அப்போது சாதாரண விஷயம் இல்லை. காலில் முடி வந்த பையன் டவுசரோடு வகுப்பில் எழுந்து நிற்கக் கூச்சப்படுவான். வீட்டில் கேட்டால், "பேண்டுக்கு ரெண்டு மடங்கு துணி வேணும்லே, அடுத்த வருஷம் பார்க்கலாம்" என்பார்கள். அந்த அடுத்த வருஷம் சில வீடுகளில் வராமலே இருக்கும். பெண்பிள்ளைகள் கதை வேறு. அதுவரை அம்மாவோடு வந்து, கையை விரித்து நின்று அளவு கொடுத்த பிள்ளை ஒரு நாள் வராது. அம்மா மட்டும் பையில் ஒரு அளவுச் சட்டையோடு வருவாள். மாஸ்டர் எதுவும் கேட்காமல் அதை மேசைமேல் விரித்து டேப் வைப்பார். நோட்டில் அந்தப் பிள்ளையின் பக்கத்தில் 'அளவுச் சட்டைப்படி' என்று எழுதிக்கொள்வேன்.

என் வீட்டுக் கதையும் அந்தக் கடைக்குத் தெரியும். அப்பா ஒரு மில்லில் ஃபிட்டர். தூத்துக்குடியில் அவருக்கு இன்னொரு குடும்பம் இருக்கிறது என்பது தெருவுக்கெல்லாம் தெரிந்த பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. அந்த வருஷம் பங்குனியில் அவர் போய்விட்டார். சண்டை, பஞ்சாயத்து, மாமா இரண்டு தடவை தூத்துக்குடி போய்விட்டு வந்தது எல்லாம் நடந்தது. அதை விரிவாகச் சொல்வதில் பிரயோசனம் இல்லை. வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு மாமா வீட்டின் பின்கட்டுக்குப் போனோம். அம்மா தீப்பெட்டி ஆபீசுக்குத் தீக்குச்சிக் கட்டை அடுக்கப் போக ஆரம்பித்தாள். விடியுமுன்பே தெருமுனைக்கு ஆபீஸ் வண்டி வந்துவிடும். தம்பி இரண்டாம் வகுப்பு. 1982-ல் எம்.ஜி.ஆர். அரசு சத்துணவைத் தொடங்கியிருந்ததால் அவன் மதியச் சாப்பாட்டுக்குக் கவலை இல்லை. என்னை அம்மாதான் கடைக்குக் கூட்டிவந்து, "அண்ணாச்சி, லீவுக்கு மட்டும் உட்காரட்டும்" என்றாள். லீவு முடிந்த பிறகும் பள்ளிக்கூடம் விட்டதும் நேரே கடைக்கு வந்துகொண்டிருந்தேன்.

காஜா எடுப்பதுதான் முதல் வேலை. பட்டனை விட நூலளவு கூடுதலாகத் துணியைக் கீற வேண்டும். காலர் பட்டியில் படுக்கைவாட்டில், கீழே முன்பட்டியில் நெடுக்குவாட்டில். நூலை இரட்டையாக்கி மெழுகில் ஓர் இழுப்பு இழுத்துக்கொண்டு, கீறலின் ஓரத்தில் ஊசியைக் குத்தி, ஊசி வெளியே வருமுன் நூலை அதன் முனையில் ஒரு சுற்றுச் சுற்றி இழுத்தால் ஓரத்தில் ஒரு சின்ன முடிச்சு உட்காரும். அதன் பக்கத்தில், இடைவெளி விடாமல், அடுத்த முடிச்சு. இழுப்பு எல்லா முடிச்சுக்கும் ஒன்றுபோல இருக்க வேண்டும். கொஞ்சம் இறுக்கினாலும் காஜா சுருங்கிக் கண் மூடிக்கொள்ளும். ஒரு சட்டைக்கு ஆறு, ஏழு காஜா. வீட்டில் என்ன நடந்தது என்று யோசித்துக்கொண்டு காஜா எடுக்க முடியாது. எடுத்தால் காஜாவே காட்டிக்கொடுத்துவிடும். அந்த வருஷம் எனக்கு அது பெரிய உபகாரமாக இருந்தது.

பிறகு ஹெம்மிங், பட்டன், தையல் பிரிப்பது, சிரட்டைக் கரி போட்டு இஸ்திரிப் பெட்டியைச் சூடாக்குவது. மெஷினில் உட்காரவைத்தபோது முதலில் நூலே கோர்க்கவில்லை. கோடு போட்ட நோட்டுத் தாளைக் கொடுத்து, கோட்டின் மேலேயே ஊசியை ஓட்டச் சொன்னார். கால் மிதியை நிறுத்தி நிறுத்தி மிதித்தால் ஓட்டை ஒரு பக்கம் நெருங்கும், ஒரு பக்கம் விலகும். அது ஒழுங்கானதும் தலையணை உறை, உள்பாவாடை, டவுசர். காலர் கடைசி. கட்டிங் அதற்கும் கடைசி. மாஸ்டருடைய கத்தரியை யாரும் தொடக்கூடாது. மீரட் கத்தரி. அதில் தாள் வெட்டிவிட்டால் அன்று முழுக்கப் பேசமாட்டார்.

எங்கள் விஷயத்தைப் பற்றி மாஸ்டர் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. ஊரில் மற்ற எல்லோரும் கேட்டார்கள். பெரியவர்கள் சிறுபிள்ளைகளிடம் இப்படி விசாரிப்பதை அக்கறை என்று நினைத்துக்கொள்கிறார்கள். பெரும்பாலும் அது வெறும் ஆவல்தான்.

ஒரு நாள் அம்மா மஞ்சள் பையில் அப்பாவின் பேண்டுகளைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தாள். நாலு பேண்ட். இரண்டு, மில்லுக்குப் போட்டுப்போகும் காக்கி ட்ரில். இரண்டு, காப்பிக் கலர் டெரிகாட்டன் பெல்பாட்டம். "சின்னவனுக்கு டவுசரா வெட்டிக் குடுங்க அண்ணாச்சி" என்றாள். அப்பா பேண்டை வெட்டிப் பிள்ளைக்கு டவுசர் தைப்பது அப்போது எல்லா வீட்டிலும் நடக்கிறதுதான். ஆனால் அப்பா அதைப் போட்டு முடித்திருப்பார். போட்டு முடிக்காத பேண்டுகள் இவை. கடையில் இருந்தவர்கள் பார்த்தும் பார்க்காததுபோல மெஷினை ஓட்டினார்கள்.

மாஸ்டர் ஒரு பிளேடை இரண்டாக ஒடித்து, பாதியை என்னிடம் கொடுத்தார். "நீயே பிரி."

பழைய தையலைப் பிரிக்கும்போது முதலில் சங்கிலித் தையலின் நுனியைக் கண்டுபிடிக்க வேண்டும். அது கிடைத்துவிட்டால் ஒரே இழுப்பில் வந்துவிடும். கிடைக்காவிட்டால் ஒவ்வொரு கண்ணாக அறுக்க வேண்டும். அப்பாவின் பேண்டில் எல்லாமே மெஷின் பூட்டுத் தையல். கண் கண்ணாக அறுத்தேன். வெளியே வெளிறிப்போயிருந்த காக்கி, தையலுக்குள்ளே வாங்கிய அன்று இருந்த நிறத்திலேயே இருந்தது. பாக்கெட்டின் அடி மூலையில் பீடித்தூளும் பஞ்சும் சேர்ந்து உருண்டு கெட்டிப்பட்டுக் கிடந்தன. ஒரு பேண்டில் பஸ் டிக்கெட் ஒன்று, துவைத்துத் துவைத்து எழுத்தே இல்லாமல் இருந்தது. எந்த ஊர் டிக்கெட் என்று வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். மாஸ்டர் அதை என் கையிலிருந்து வாங்கி, வெட்டுத்துணிக் கூடையில் போட்டுவிட்டு, "காலுக்கு மேல்பக்கம் தேஞ்சிருக்கா பாரு" என்றார்.

சீட்டும் தொடையும் தேய்ந்து பளபளத்திருந்தன. அங்கே தைத்தால் கிழியும். முழங்காலுக்குக் கீழேதான் துணி நன்றாக இருந்தது. ஆனால் சாதாரணப் பேண்டில் அங்கே அகலம் இருக்காது. பெல்பாட்டத்தில் இருந்தது. பாட்டம் இருபத்து நாலு இஞ்ச். மாஸ்டர் காலைத் தலைகீழாகத் திருப்பிப் போட்டார். தரையைக் கூட்டிக்கொண்டு போன பாட்டம் டவுசருக்கு இடுப்பாயிற்று. முட்டி இருந்த இடம் டவுசருக்கு விளிம்பாயிற்று. வெளுத்த பக்கத்தை உள்ளே போட்டு, உள்பக்கத்தை வெளியே திருப்பித் தைத்ததும் புதுத் துணிபோல ஆகிவிட்டது. ஒரு பெல்பாட்டத்தின் இரண்டு காலிலிருந்து தம்பிக்கு ஒரு டவுசர். காக்கியில் அகலம் இல்லாததால் நடுவில் ஒட்டுப் போட வேண்டியிருந்தது. அந்த ஒட்டு பின்பாக்கெட்டுக்கு அடியில் மறைகிற மாதிரி மார்க் பண்ணினார். இந்த வேலையில் அவரைப்போல ஓர் ஆளை நான் பிறகு பார்க்கவில்லை. நேர்த்தியாகச் சஃபாரி தைக்கிறவர்கள் நிறையப் பேர் உண்டு. இல்லாத துணியில் தைக்கிறவர்கள் குறைவு.

நாலாவது பேண்ட், ஒரு காக்கி, நன்றாகவே இருந்தது. அதை மாஸ்டர் வெட்டவில்லை. "இன்னும் ஒரு வருஷத்துல உனக்கு நீளம் சரியா வரும். இடுப்பு மட்டும் பிடிச்சுக்கலாம்" என்று மடித்து மேல் அலமாரியில் வைத்தார். அவர் சொன்னபடியே நீளம் வந்தது. நான் போடவில்லை. அவரும் கட்டாயப்படுத்தவில்லை. அது பிறகு இஸ்திரி மேசையில் போர்வைக்கு மேலே விரிக்கிற துணியாகிக் கருகித் தீர்ந்தது.

எனக்கு அப்போது இரண்டு நண்பர்கள். ஒருவன் வாத்தியார் மகன், இன்னொருவன் பால்காரர் மகன். மூன்று பேரும் ஒன்றாகத்தான் பள்ளிக்கூடம் போவோம். சாயங்காலம் வாத்தியார் வீட்டுத் திண்ணையில் கணக்குப் போடுவோம். அப்பா விஷயம் தெருவுக்கு வந்த பிறகு அந்தத் திண்ணைக்குப் போனால், "அவன் குளிச்சிட்டிருக்கான்" என்று அவனுடைய அம்மா சொல்வார்கள். மறுநாளும் குளித்துக்கொண்டிருப்பான். எனக்குப் புரியச் சில நாள் ஆயிற்று. பால்காரர் மகன் உடனே புரிந்துகொண்டு, அவனும் அந்தத் திண்ணைக்குப் போவதை நிறுத்திவிட்டான். அவனுக்குக் கணக்கு வராது என்பதும் ஒரு காரணம்.

ஆனால் வாத்தியார் மகன் கடைக்கு வருவான். கடை, வீட்டுக் கணக்கில் சேராது போலிருக்கிறது. காஜா எடுத்துக்கொண்டிருக்கும் என் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்து பாடத்தைச் சத்தமாக வாசிப்பான்; நான் கேட்டுக்கொண்டே ஊசி குத்துவேன். பத்தாம் வகுப்பில் நான் பாஸானதில் பாதி அவன் வாசித்ததுதான். பால்காரர் மகன் பெயிலாகித் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போனான். எங்கள் பக்கத்திலிருந்து அப்போது பஸ் பஸ்ஸாகப் பையன்கள் அங்கே போனார்கள். நான் பாலிடெக்னிக் விண்ணப்பம் வாங்கிவைத்திருந்தேன். போடவில்லை. அதற்குள் ஒரு நாளைக்கு இரண்டு பேண்ட் முடிக்கிற அளவுக்குக் கை வந்துவிட்டது. அந்தக் கூலியை விட்டுவிட்டு மூன்று வருஷம் படிக்க வீடு தாங்காது.

வாத்தியார் மகன் பிளஸ் டூ போனதும் பேச்சு மாறியது. அவன் நுழைவுத் தேர்வைப் பற்றிப் பேசுவான், நான் காலர் கேன்வாஸ் பற்றிப் பேசுவேன். இரண்டு பேரும் மற்றவன் சொல்வதற்குத் தலையாட்டுவோம். என்ஜினீயரிங் கிடைத்து மதுரை போனான். முதல் தீபாவளிக்குக் கல்லூரி நண்பர்கள் மூன்று பேரைக் கூட்டிக்கொண்டு வந்தான். பேகி பேண்ட் வந்த நேரம். முன்னால் பக்கத்துக்கு இரண்டு பிளீட், தொடையில் காற்றுப் புகுந்த மாதிரி அகலம், பாட்டம் மட்டும் குறுகல். சினிமாப் பத்திரிகையிலிருந்து கிழித்த படம் ஒன்றை மேசையில் வைத்து, நண்பர்களிடம் என்னைக் காட்டி, "இவர் நம்ம டெய்லர்" என்றான்.

பேர் சொல்லவில்லை. 'இவன்' என்றும் சொல்லவில்லை. நான் டேப்பை எடுத்து அவன் தோளில் வைத்தேன். நோட்டில் பழைய அளவு இருந்தது. தோள் ஒன்றரை இஞ்ச் விரிந்திருந்தது. பேண்ட் வாங்க வந்தபோது முதன்முறையாக அவனிடம் முழுக் கூலி சொன்னேன். அவனும் எண்ணிக் கொடுத்தான். சண்டை ஒன்றும் இல்லை. இன்றைக்கும் ஊருக்கு வந்தால் கடைக்கு வந்துவிட்டுத்தான் போகிறான். இரண்டு பேரும் பிள்ளைகளைப் பற்றிப் பேசுகிறோம்.

பால்காரர் மகன் பொங்கலுக்குப் பொங்கல் திருப்பூரிலிருந்து ஒரு மூட்டை டீ-சர்ட்டோடு வருவான். ஏற்றுமதியில் கழித்தது. பஸ் ஸ்டாண்டு பக்கம் விரித்துப் போட்டால் அரை நாளில் தீர்ந்துவிடும். "ஏலே, உன் பொழப்புல மண்ணள்ளிப் போடுறேன்" என்று சிரிப்பான். வேடிக்கையாகத்தான் சொன்னான். தொண்ணூறுகளில் அது உண்மையாகவே ஆயிற்று. முதலில் சட்டை போயிற்று, பிறகு பேண்ட்.

அதற்கு முன்பே சீருடையில் ஒரு பகுதி எங்கள் கையை விட்டுப் போயிருந்தது. 1985-ல் அரசு, சத்துணவு சாப்பிடும் பிள்ளைகளுக்கு இலவசச் சீருடை கொடுக்க ஆரம்பித்தது. தைக்கிற வேலை மகளிர் தையல் கூட்டுறவுச் சங்கங்களுக்குப் போயிற்று. கடையில் எல்லோருக்கும் வருத்தம். மாஸ்டர் மட்டும், "துணி இல்லாத பிள்ளைக்குத் துணி கிடைக்குது, அதுல என்னத்தைச் சொல்றது" என்றார். எனக்கு வேறு யோசனை வந்தது. அம்மாவுக்குத் தீப்பெட்டி மருந்தில் இருமல் ஆரம்பித்திருந்தது. மாமா ஒரு பழைய உஷா மெஷின் வாங்கிக் கொடுத்தார். ராத்திரி கடை விட்டு வந்ததும் அம்மாவை உட்காரவைத்து, நூல் கோர்க்காமல், நோட்டுத் தாளில் கோட்டின் மேலே ஓட்டச் சொன்னேன். முதல் நாள் தாள் சல்லடை ஆயிற்று. "ஏ ஐயா, எனக்கு இது வராது" என்றாள். மாஸ்டர் என்னிடம் சொன்னதையே சொன்னேன்: மெதுவாக மிதி, ஆனால் நிறுத்தாதே.

ஒரு வருஷத்துக்கும் மேல் ஆயிற்று அவள் கை நிதானப்பட. பிறகு சங்கத்தில் உறுப்பினராகச் சேர்ந்தாள். வெட்டின துணியைக் கட்டுக் கட்டாகக் கொடுப்பார்கள்; வீட்டில் தைத்துத் திருப்பிக் கொடுக்க வேண்டும், உருப்படிக் கூலி. மகன் கடையிலிருந்து போன சீருடையை அம்மா வீட்டில் தைத்தாள். தம்பிக்குப் பள்ளியில் கொடுத்த டவுசரைப் பிரித்துப் பார்த்து, "இது நம்ம சங்கத்துத் தையல் இல்ல, அடுத்த ஊருது" என்பாள். பின்னாளில் தையல் தொழிலாளர் நல வாரியம் வந்தபோது இரண்டு பேரும் ஒரே நாளில் போய்ப் பதிவு செய்தோம். அட்டையில் தொழில் என்ற இடத்தில் இரண்டு பேருக்கும் ஒரே வார்த்தை.

அப்பா திரும்பி வரவில்லை. தூத்துக்குடியில்தான் இருந்தார், அங்கேயே காலமானார்.

மாஸ்டருக்குக் கண் பார்வை மங்கியதும் கடையை என்னிடம் விட்டார். கத்தரியையும் கொடுத்தார். சாணை பிடித்துப் பிடித்து இப்போது அது பாதி அகலத்துக்கு வந்துவிட்டது. இன்று கடையில் வேலை என்பது பெரும்பாலும் ரெடிமேட் பேண்டுக்கு நீளம் வெட்டி மடிப்பது, ஜிப் மாற்றுவது, இடுப்புப் பிடிப்பது. தனியார் பள்ளிகள் பலவற்றில் சீருடையைத் தைத்ததாகவே விற்றுவிடுகிறார்கள். அரசுப் பள்ளிகளில் சத்துணவு சாப்பிடும் பிள்ளைகளுக்கு எட்டாம் வகுப்பு வரைக்கும், 2012-13-லிருந்து வருஷத்துக்கு நாலு செட் இலவசமாகக் கிடைக்கிறது. நல்லதுதான். அளவு சரியில்லை என்று தாய்மார்கள் கொண்டுவருகிறார்கள். பெரிதாக இருந்தால் பிடித்துக் கொடுத்துவிடலாம். சின்னதாக இருந்தால் நான் ஒன்றும் செய்ய முடியாது. கம்பெனித் தையலில் சீட்டில் அரை இஞ்ச் துணிகூட உள்ளே இருப்பதில்லை. ஓவர்லாக் அடித்து ஓரத்தை வெட்டிவிடுகிறார்கள். லட்சக்கணக்கில் தைக்கும்போது உள்ளே விடுகிற இரண்டு இஞ்ச் பெரிய பணம் என்பது எனக்கும் தெரியும்.

அதனால் வளருகிற பிள்ளைக்குத் துணி எடுத்துத் தைக்கிறவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். பையன் கேட்கிற ஃபிட்டிங்கை அவனுக்குக் கொடுத்துவிடுங்கள். அதில் அவனோடு மல்லுக்கட்ட வேண்டாம். டெய்லரிடம் தனியாகச் சொல்லி, சீட்டில் ஒன்றரை இஞ்சும் கால் மடிப்பில் இரண்டு இஞ்சும் உள்ளே விடச் சொல்லுங்கள். அதற்குக் கூடுதல் கூலி கிடையாது. அடுத்த வருஷம் பிரித்து விடுவதற்கு, எங்கள் கடையில் தைத்ததாக இருந்தால், காசும் கிடையாது.